டிஸ்பாட்ச் ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் ஆலோசனை தேவை

வணக்கம். டெக்சாஸில் சொந்த டிரக் ஓட்டும் என் மைத்துனருக்கு வந்துள்ள டிஸ்பாட்ச் ஒப்பந்தம் குறித்து, அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை வேண்டுகிறேன்.

சரக்குக்காரருக்கும் டிரக்காரருக்கும் இடையே நிற்கும் புரோக்கர், மத்தியப் போக்குவரத்துத் துறையின் உரிமமும் 75,000 டாலர் பிணையும் வைத்திருக்க வேண்டும் என்பதும், டிஸ்பாட்சர் டிரக்காரரின் ஆளாக லோடு தேடி, வாடகை பேசி, அதில் சதவீதக் கமிஷன் பெறுபவர் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த ஒப்பந்தத்தின்படி, வாடகை முழுவதும் முதலில் டிஸ்பாட்சரின் கணக்குக்குப் போய், கமிஷன் போக மீதிதான் மைத்துனருக்கு வருமாம். லோடுக்குப் பேசி முடித்த வாடகையை உறுதிசெய்யும் ஆவணமான ரேட் கன்ஃபர்மேஷனையும் காட்டமாட்டார்களாம். சரக்குக்காரர் தரும் பணத்தைக் கையாள்பவருக்குப் புரோக்கர் உரிமம் தேவைப்படலாம் என்று அத்துறையின் 2023 ஜூன் மாத வழிகாட்டுதல் கூறுவதால், இது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது.

இத்தகைய பிரிவுகளை மாற்றச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தவர்கள், என்ன வாசகத்தைச் சேர்த்தீர்கள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.