கலைச்சொல் உதவி: பல வயதினர் சேர்ந்து வேலை செய்தால் அவர்களுக்கு என்ன பெயர்?

திருநெல்வேலி (யாழ்ப்பாணம்), மொழிபெயர்ப்பாளர் (திங்கள்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு மனிதவள மென்பொருளை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு கூட்டுறவு அமைப்பு அதைப் பாவிக்கப் போகிறது. லீவு, சம்பளச் சீட்டு, வரவு இடாப்பு, ஊழியர் சேமலாப நிதி எல்லாவற்றுக்கும் எங்களிடம் சொல் இருக்கிறது. இரண்டு இடங்களில் முட்டிப்போய் நிற்கிறேன்.

முதலாவது ஒரு பகுதியின் தலைப்பு. 22 வயதுப் பிள்ளையும் 58 வயதுக் களஞ்சியக் காப்பாளரும் ஒரே கந்தோரில் இருக்கிறார்கள். அந்த எல்லோரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறிவித்தல் வைபரில் வரட்டுமா, குறுஞ்செய்தியாக வரட்டுமா, அச்சடித்துப் பலகையில் ஒட்டட்டுமா என்று ஆளாளுக்கு அங்கே தெரிவு செய்யலாம். எழுத்தையும் பெருப்பிக்கலாம்.

இரண்டாவது, வயதில் இளையவர் மூத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு. மென்பொருளே சோடி சேர்த்துவிடும். ‘ரிவேர்ஸ் மென்ரரிங்’ என்கிறார்கள். தலைகீழ் வழிகாட்டல் என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ பிழையான வழியைக் காட்டுவதுபோல இருக்கிறது. தலைப்பிலும் பொத்தானிலும் 20 எழுத்துத்தான் நிற்கும்.

வட்டுக்கோட்டை, இளைப்பாறிய தமிழாசிரியர்

பிள்ளை, முதலாவதற்கு இலக்கணமே விடை சொல்கிறது. பல் என்பதோடு தலைமுறை சேர வேண்டும். குறிலை அடுத்த லகரத்தின் முன் தகரம் வந்தால் அல்வழியில், அதாவது வேற்றுமைப் பொருள் இல்லாத சேர்க்கையில், ஆய்தமாகத் திரியலாம் என்கிறது நன்னூல். பஃறுளியாறு, பஃறொடை வெண்பா எல்லாம் அப்படி வந்தவை. ஆகவே பஃறலைமுறை. எண்ணிப் பாருங்கள், ஆறே எழுத்து. பின்னால் அரச அறிக்கைகளில் வரும் ஊழியப்படை என்பதைச் சேர்த்துவிடலாம்.

இரண்டாவதற்கும் பழைய சொல் உண்டு. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய புறநானூறு 183 ஐ எடுத்துப் பாருங்கள். ‘பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே’ என்கிறான். பின்னே நிற்பதை வெறுக்காமல் கற்பது நல்லதாம். ஒரு குடியில் பலர் பிறந்தாலும் மூத்தவனை வா என்னாமல் அறிவுடையவன் சொன்ன வழியில்தான் அரசும் போகும் என்பதும் அதே பாட்டுத்தான். வயதுக்கும் அறிவுக்கும் உள்ள வழக்கை ஓர் அரசனே தீர்த்து வைத்திருக்கிறான். ஆகவே பிற்றைநிலைக் கற்றல்.

சாவகச்சேரி, மனிதவளப் பிரிவு ஊழியர்

ஐயா, பாட்டு நல்ல பாட்டு. ஆனால் படை என்ற சொல் வேண்டவே வேண்டாம். எங்களோடு வேலை செய்கிற சிலர் முகாமில் பல மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள். காலையில் போனைத் திறந்து லீவு போடப் போகிறவரின் கண்ணில் அந்தச் சொல் பட வேண்டுமா?

பஃறலைமுறையும் சரிவராது. பல்தேசியக் கம்பனி என்று பத்திரிகைகள் எவ்வளவு காலமாக எழுதுகின்றன! ஒருவரும் பஃறேசியக் கம்பனி என்று திருத்தவில்லை. ஆய்தத்தைப் பார்த்த எங்கள் இளம் ஊழியர் அதை எழுத்துரு உடைந்துபோனது என்றே நினைப்பார். மூத்தவர் வாசிப்பார், ஆனால் வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்.

இந்தப் பகுதி ஏன் தேவைப்படுகிறது என்பதையும் சொல்கிறேன். முன்பு பல இடங்களில் 55 வயதோடு வீட்டுக்குப் போனார்கள். 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு தனியார் துறையில் 60 வரை நிற்கலாம். அந்த ஐந்து வருடத்துக்குள்தான் கைரேகை இயந்திரமும் இணையவழி லீவும் வந்து சேர்ந்தன. எங்கள் மூத்தவர்களுக்குப் பயம் இயந்திரத்தில் இல்லை. பிழையாக அழுத்தினால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமோ என்பதில்தான். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தால் போதும்.

மானிப்பாய், தாதிய உத்தியோகத்தர்

எங்கள் ஊரைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன், எங்கள் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். நூற்றுக்கணக்கான சொற்களை ஆக்கினார். அவரே 1875 இல் வந்த நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வைத்தார். ஆங்கிலக் கெமிஸ்ற்றியின் ஒலியை எடுத்துத் தமிழ் வாலை ஒட்டிக்கொண்டார். இன்று நாங்கள் இரசாயனவியல் என்கிறோம், கடலுக்கு அந்தப் பக்கம் வேதியியல். கெமிஸ்தம் நிலைக்கவில்லை. ஆனால் அன்று அவரிடம் படித்த மாணவர்கள் வேலையைக் கற்றுக்கொண்டார்கள். சொல் நூறு வருடம் வாழ வேண்டும் என்று ஏன் கேட்கிறோம்? இந்த மென்பொருளே பத்து வருடம் வாழாது.

மதுரை, நிரலாளர்

மனிதவள மேலாண்மை என்று போட்டுவிட்டால் இரு கரைக்கும் பொதுவாக இருக்குமே?

திருநெல்வேலி

அண்ணா, மேலாண்மையை இங்கே பாடசாலையிலிருந்தே முகாமைத்துவம் என்றுதான் படிக்கிறோம். அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை.

பருத்தித்துறை, சட்டத்தரணி

ஒரு யோசனை. இளைப்பாறுபவர் தன் வேலை நுட்பத்தை விட்டுச் செல்லும் பகுதியும் அந்த மென்பொருளில் இருக்கும். அதற்கு அறிவு முதுசொம் என்று வைத்தால் யாழ்ப்பாணத்தில் விளங்காத வீடு இல்லை. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே முதுசொம் (முன்னோர் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (தாங்களே தேடிய சொத்து) மூன்றும் உண்டு. இளையவர் கொண்டுவருவதைத் தேட்டம் எனலாம்.

ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு தடை தெரிகிறது. 1911 இன் கட்டளைச் சட்டப்படி முன்னோர் இறந்தபின் வழிவழியாக வருவதே முதுசொம். உயிரோடு இருக்கும்போது கொடுத்தால் அது நன்கொடை. களஞ்சியக் காப்பாளர் நீடூழி வாழட்டும். இந்தச் சொல்லை மீளப்பெறுகிறேன், மனமில்லாமல்.

ஊர்காவற்றுறை, ஆசிரியை

இரண்டாவது சொல்லை ஏன் ஒரு பக்கமாகவே பார்க்கிறோம்? பிள்ளை போனைக் காட்டிக்கொடுக்கும், ஐயா சரக்குக் கணக்கைக் காட்டிக்கொடுப்பார். எங்கள் வீடுகளில் வட்டியில்லாமல் கொடுத்து வாங்குவதைக் கைமாற்று என்போம். அறிவுக் கைமாற்று. யார் மேல், யார் கீழ் என்ற பேச்சே அதில் இல்லை.

வட்டுக்கோட்டை

ரீச்சர், கைமாற்று கடன். கடனென்றால் திருப்பிக் கேட்பார்கள். ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்ற குறளை நினையுங்கள். படிப்பிப்பது அதில் வரும் மழை மாதிரி, திருப்பி எதையும் கேட்காது.

ஊர்காவற்றுறை

ஐயா, அது கைம்மாறு, இது கைமாற்று. திருப்பிக் கேட்கலாம் என்பதால்தான் மூத்தவருக்கு வெட்கம் வராது. சும்மா வாங்குகிறேன் என்ற எண்ணம் இருக்காது.

திருநெல்வேலி (வியாழன் இரவு)

எல்லோருக்கும் நன்றி. ஒரு சிக்கலைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த 20 எங்கள் எழுத்தெண்ணிக்கை இல்லை. மென்பொருள் மு என்பதை இரண்டாக எண்ணுகிறது, புள்ளி வைத்த மெய்யையும் இரண்டாக எண்ணுகிறது. பல தலைமுறைப் பணியாளர் என்று போட்டேன், 21 வந்தது. ஒன்றால் போய்விட்டது. ஆகவே பல தலைமுறையினர், 15. பெரும்பாலானோர் தனிமடலில் இதற்கே சம்மதித்தார்கள்.

இரண்டாவதற்கு இளையோர் வழிகாட்டல் 18 இல் நிற்கிறது. ஆனால் இளையோருக்கு என்று நான்காம் வேற்றுமையாகவும் விரியும், இளையோரால் என்று மூன்றாம் வேற்றுமையாகவும் விரியும். மூத்தவர்கள் முதலாவதாகத்தான் வாசிப்பார்கள். அறிவுக் கைமாற்று 16. நாளைக்கு அதையே அனுப்புகிறேன்.

வட்டுக்கோட்டை

அனுப்புங்கள் பிள்ளை, தவணை முக்கியம். பஃறலைமுறை அந்தக் கணக்கில் 9 தான் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். என் வாக்கு அதற்கே. அடுத்த பதிப்பு வரும்போது சொல்லுங்கள், மறுபடி எழுதுகிறேன்.