கண்மாய் மீன் வயிற்றில் என்ன இருந்தது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

உப்புக்காற்று:

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்குப் பக்கம். வாசலில் நின்றால் கடல். அதனால் அம்மாவுக்கு மீன் என்றால் கடல் மீன்தான், கண்மாய் மீனைச் சட்டியில் ஏற்ற மாட்டார். "சேத்துல கெடக்குறத எவன் திம்பான்" என்பது அவர் கட்சி. எனக்குப் பெண் கொடுத்த ஊரோ ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். போன மாசியில் அங்கே கண்மாய் வற்றி, ஊரே ஊத்தாவும் (மீன் மேல் கவிழ்த்துப் பிடிக்கும் கூடை) கையுமாக இறங்கியது. மாமனார் ஒரு சாக்கு மீன் கொடுத்தனுப்பினார். விரால் நாலு, ரோகு இரண்டு, மீதியெல்லாம் சிலேபி (திலாப்பியா).

அம்மா தொடமாட்டேன் என்றதால் மீன் ஆய்வது என் தலையில் விழுந்தது. முதல் விராலைக் கிழித்ததும் உள்ளே ஒரு விரல் நீளச் சிலேபி, வால் கூடக் கரையாமல். இன்னொன்றில் தவளைக் கால். விரால் குடல் கட்டையாக இருந்தது, மீனின் நீளம் கூட இல்லை. அடுத்து ரோகு. குடலை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. என் மனைவியின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன் (அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை). மீன் ஒன்றேகால் அடி, குடல் பத்தடிக்கு மேல். உள்ளே கரும்பச்சையாக மாவு மாதிரி ஏதோ. பூனைக்கு இரண்டையும் போட்டேன். விரால் குடலைத் தின்றது, ரோகுக் குடலை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

ஒரே தண்ணீரில் கிடந்த மீன்களுக்கு ஏன் இப்படி? புரட்டாசி வரைக்கும் ஆடு மேய்ந்த பொட்டல், தை மாதத்துக்குள் இத்தனை மீனுக்கு எப்படிச் சோறு போடுகிறது? அம்மா சொல்லும் மண்வாடை, தின்பதால் வருவதா? படித்ததை அல்ல, பார்த்ததைச் சொல்லுங்கள்.

கலுங்கடி:

தம்பி, முதுகுளத்தூர் பக்கம் மூன்று வருஷம் மீன்பாசி ஏலம் (கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமை) எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் சொல்கிறேன். அந்தப் பொட்டலில் மேய்ந்த ஆடுதான் மீனுக்குச் சோறு போடுகிறது.

பங்குனியிலிருந்து கண்மாய்க்குள் செம்மறியும் மாடும் கிடக்கும். புழுக்கை, சாணம், காய்ந்த கோரை, கருவேல இலை எல்லாம் வெடித்த மண்ணுக்குள் இறங்கிவிடும். ஐப்பசியில் தண்ணீர் வந்ததும் முதல் வாரம் ஒரு மக்கிய நாற்றம் அடிக்கும். அப்புறம் தேத்தண்ணி நிறம். வெயில் அடிக்கத் தொடங்கினால் பச்சை. அந்தச் சமயம் ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலில் தூக்கிப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் துள்ளும். தண்ணீர்ப் பூச்சி என்போம். பாசியை அது தின்னும், அதைக் கட்லா தின்னும். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருப்பது சும்மா இல்லை. தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டே போகும், செவுளில் இருக்கும் முள் வடிகட்டிவிடும். ரோகு நடுவில் நின்று கோரைத் தண்டில் படிந்த பாசியைக் கறும்பும். மிர்காலுக்கு வாய் கீழே, சேற்றில் மக்கியதுதான் அதற்குச் சாப்பாடு. ஒரே வீட்டில் மாடி, நடு வீடு, தரை என்று மூன்று குடித்தனம்.

பாசியையும் மக்கலையும் செரிக்க நேரம் ஆகும், அதனால் நீளக் குடல். மாமிசம் சீக்கிரம் கரையும், விராலுக்குக் கட்டைக் குடலே போதும். ஆட்டுக் குடலையும் நாய்க் குடலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

நான் சுட்டுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷம் பேராசையில் லோடு லோடாகக் கோழி எரு கொட்டினேன். தண்ணீர் பச்சைப் பெயின்ட் மாதிரி ஆனது, மீனும் நன்றாகத் தேறியது. தை மாதம் மூன்று நாள் மூடாப்பு. நாலாம் நாள் விடியற்காலை போனால், மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு கட்லா மிதக்கிறது. பொழுது ஏறுவதற்குள் கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சாய்ந்துவிட்டது. பகலில் காற்றைக் கொடுக்கும் பாசி, ராத்திரியில் அதே காற்றை இழுக்கும். வெயில் இல்லாததால் பகலிலும் கொடுக்கவில்லை. கட்லா, ரோகு போச்சு. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கத் தெரிந்த விராலும் தேளியும்தான் தப்பின, செத்ததைத் தின்று கொழுத்தும் போயின.

தூண்டில்காரன்:

விரால் எல்லா வயதிலும் மீன் தின்னி கிடையாது. கார்த்திகையில் கோரைப் பக்கம் தண்ணீர் சிவந்து கொப்பளிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதெல்லாம் விரால் குஞ்சு. அந்த வயதில் அதற்குக் கலுங்கடி அண்ணன் சொன்ன தண்ணீர்ப் பூச்சிதான் சாப்பாடு. கொஞ்சம் வளர்ந்தால் புழு, அப்புறம் தலைப்பிரட்டை, அப்புறம் தவளை, மீன். சில சமயம் கூடப் பிறந்ததையே விழுங்கிவிடும். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்கும், தவளையைக் கோத்துப் போட்டால் பசிக்காக இல்லாமல் கோபத்தில் வந்து கடிக்கும். சின்ன வயதில் அப்படிப் பிடித்திருக்கிறேன். குஞ்சுகள் அநாதையாகச் சிதறுவதை ஒருநாள் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

முண்டக்கண்ணியை யாரும் சொல்லவில்லையே. தலையில் வெள்ளிப் பொட்டோடு ஊருணி ஓரத்தில் நிற்குமே, அதுதான். கொசுப் புழு மேலே வந்தால் ஒரே கொத்து.

அப்பத்தா பேத்தி:

வயிற்றைக் கிழிக்க முடியாத மீனைப் பற்றி நான் சொல்கிறேன். அயிரை. அது மணலை வாயில் அள்ளி, சலித்து, தின்பதைத் தின்றுவிட்டு மீதியைச் செவுள் வழியாகத் துப்பும். அதனால் உடம்பெல்லாம் மண். எங்கள் அப்பத்தா உயிரோடு வாங்கி, பல தண்ணீர் அலசி, கடைசியில் ஒரு சட்டியில் தேங்காய்ப் பால் ஊற்றி அதில் விடுவார். கொஞ்ச நேரத்தில் வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கிவிடும், சட்டி அடியில் சாம்பல் நிறத்தில் தங்கும். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் செய்யாத குழம்பில் பல்லில் நறநற என்று கடிபடும்.

பாக் நீரிணை:

கடல் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. "சேற்றைத் தின்கிற மீன்" என்று கண்மாயை மட்டும் குறை சொல்லக் கூடாது. முகத்துவாரத்தில் நாங்கள் பிடிக்கும் மடவையைக் கிழித்துப் பாருங்கள். கோழியின் இரைப்பை மாதிரிக் கெட்டியாக ஒன்று இருக்கும், உள்ளே முழுக்கச் சேறும் மணலும். மணலை வைத்தே பாசியை அரைக்கிறது. பால்கெண்டைக்குப் பல்லே கிடையாது, குஞ்சாகக் கடலிலிருந்து உப்பங்கழிக்குள் ஏறி வந்து, தரையில் பாய் மாதிரிப் படரும் பாசியைத் தின்றுதான் வளர்கிறது. உங்கள் அம்மா மடவைக் குழம்பு வைப்பாரா மாட்டாரா, கேட்டுச் சொல்லுங்கள்.

சிலேபி பற்றியும் ஒன்று. அது நம் ஊர் மீனே இல்லை, கிழக்கு ஆப்பிரிக்கா. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது மண்டபத்தில் இருந்த மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். உப்பும் தாங்கும், அதனால் மழை முடிந்து கலுங்கு (கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்) வழிந்தால் எங்கள் ஓடை வரை வந்துவிடுகிறது. பாசி, மக்கல், புழு, அடுத்த மீனின் முட்டை எதையும் விடாது. வயிற்று அமிலம் அவ்வளவு கடுமை, மற்ற மீனுக்குச் செரிக்காத நீலப்பச்சைப் பாசியையே கரைத்துவிடும். போதாததற்குத் தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். நாட்டுக் கெண்டை எங்கே போனது என்று கேட்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

உப்புக்காற்று:

மடவை என்றால் அம்மாவுக்கு உயிர். கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

கலுங்கடி அண்ணே, ஒரு சந்தேகம். விராலுக்குத்தான் விலை அதிகம். ஏன் எல்லாரும் கட்லா, ரோகுக் குஞ்சையே வாங்கி விடுகிறார்கள்?

கலுங்கடி:

கணக்குதான் தம்பி. ஒன்றை ஒன்று தின்பதில், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சாப்பாட்டில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஏறும், மீதி ஓடியாடுவதில் போய்விடும். ரோகு பாசியை நேராகத் தின்கிறது, ஒரே படி. விரால் வரைக்கும் பாசி, பூச்சி, குஞ்சு மீன் என்று இரண்டு மூன்று படி. அதே கண்மாயில் ரோகு வண்டி நிறைய வரும் இடத்தில் விரால் ஒரு கூடைதான் வரும். விலை இருந்து என்ன செய்ய?

கருவேல நிழல்:

விராலுக்கு மேலேயும் ஆள் இருக்கிறது. வருஷா வருஷம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்களுக்குப் போகிறவன் நான். இரண்டும் 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியல்) சேர்ந்தன, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்காலும் 2025-ல். ஒருமுறை கருவேல மரத்தடியில் நின்றபோது மேலிருந்து சொத்தென்று ஒரு கெண்டை தோளில் விழுந்தது. கூழைக்கடாக் குஞ்சு கக்கியது. நத்தைகுத்தி நாரைக்கு மட்டும் மீனில் அவ்வளவு நாட்டமில்லை, நத்தைதான். அதன் அலகு நடுவே இடைவெளி இருப்பதைப் பார்த்தால் தெரியும். கூடு இருக்கும் மரத்தடித் தண்ணீர் மட்டும் மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருக்கும். எச்சம் உரம். பக்கத்து வயல்காரர் அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு யூரியா குறைத்துப் போடுவதாகச் சொன்னார்.

மீன்வளப் படிப்பு:

மண்வாடை கேள்வி விட்டுப்போய்விட்டது. அது சேற்றின் வாடை இல்லை. நீலப்பச்சைப் பாசியும் மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரியும் ஜியோஸ்மின் என்றொரு பொருளை விடுகின்றன. மழை பெய்ததும் எழும் மண்வாசனை இதேதான். தீனி வழியாகவும் போகும், செவுள் வழியாக நேராகவும் ஏறி, கொழுப்பில் தங்கிவிடும். கண்மாய் வற்ற வற்றப் பாசி கெட்டியாகும், அதனால் மாசி மீனில் வாடை தூக்கல். உயிர் மீனாக இருந்தால் சுத்தமான தண்ணீரில் தீனி போடாமல் சில நாள் விட்டால் குறையும். செத்த மீனுக்குப் புளி. அமிலம் பட்டால் ஜியோஸ்மின் சிதையும்.

உப்புக்காற்று:

நேற்று மாமனார் மறுபடி இரண்டு ரோகு அனுப்பினார். மனைவி புளிக் கரைசலில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, வறுத்து அரைத்துக் குழம்பு வைத்தாள். அம்மாவிடம் என்ன மீன் என்று சொல்லவில்லை. துண்டைத் தொடவே இல்லை, பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். குழம்பை மட்டும் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார்.

மடவை விஷயத்தை இன்னும் கேட்கவில்லை.