கப்பலூர் பக்கம் சுகர், பிரஷர் முகாம் நடத்தியவர்கள் யோசனை சொல்லுங்க

வணக்கம் மக்களே, கப்பலூர் சிட்கோ பக்கம் ஒரு தையல் யூனிட்டில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறேன், மொத்தம் 60 பேர், பாதிக்கு மேல் திருமங்கலம், உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் அக்காக்கள். போன மாதம் ஷிஃப்ட் முடிந்ததும் யோகா வைத்தோம், வந்தது நாலே பேர். பஸ்ஸை விட்டுவிட்டு யார் சவாசனம் போடுவார்கள், என் தப்புதான்.

சரி, 2024-இல் அரசு தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வழியாக வேலை நேரத்திலேயே சுகர், பிரஷர் பார்க்கலாம் என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். ஆனால் சுகர் இருப்பது தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து பலர் பெயரே கொடுக்கவில்லை. ரிசல்ட்டை அவரவர் கையில் மட்டும் கொடுக்க ஏற்பாடு செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முகாமுக்கு யாரிடம் பேசினீர்கள்? அப்புறம், நோட்டீஸ் ஒட்டினால் ஒருவரும் படிப்பதில்லை, டீ நேரத்தில் எப்படிச் சொன்னால் எடுபடும்?