பொலித்தீன் காய்ந்திருந்தது என்றால் எப்பொக்சி ஏன் கொப்புளித்தது?

மாரிக்கிணறு:
சென்ற வாரம் நிலம்பூசி அண்ணை இங்கே ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார்: நிலத்துக்கு ஒழுங்காகப் பூசிய எப்பொக்சி, அதாவது றெசினும் கடினியும் கலந்து பூசி இறுகவிடும் பூச்சு, யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் அசையாதாம், கொப்புளித்தால் அது கழுவத் தெரியாத முதலாளியின் பிழையாம். என் எண்ணெய் ஆலையில் போத்தல் அடைக்கும் அறைக்குச் சித்திரையில் எப்பொக்சி பூசினோம். கார்த்திகை அடைமழை முடிவதற்குள் இரண்டு ரூபாய்க் குற்றி அளவில் அது கொப்புளித்துவிட்டது. ஒன்றைச் சாக்கூசியால் குத்தினேன். மண்ணிறத்தில் ஒரு நீர் பீச்சியடித்தது. விரலில் பட்டபோது சவர்க்காரம் போல வழுக்கியது. அந்த அறையை நாங்கள் கழுவுவதே இல்லை, நல்லெண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது. மேலே ஊற்றாத தண்ணீர் கீழே இருந்து வராமல் வேறு எங்கிருந்து வந்தது?

நிலம்பூசி:
கேள்வி ஒன்றுதான். பூசுவதற்கு முன் பொலித்தீன் ஒட்டிப் பார்த்தார்களா? ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் சதுரமான தெளிந்த பொலித்தீனை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விட வேண்டும். பிறகு எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ கொங்கிறீற்று கறுத்திருந்தாலோ பூசக்கூடாது. இதைச் செய்யாமல் பூசிவிட்டு எப்பொக்சியைத் திட்டுவது, அரிசியைக் களையாமல் உலையில் போட்டுவிட்டுச் சோற்றில் கல் என்று அழுவதற்குச் சமம்.

மாரிக்கிணறு:
ஒட்டினார்கள். ஒட்டுநாடாவைப் பிடித்துக் கொடுத்தவனே நான்தான். மறுநாள் காய்ந்துதான் இருந்தது. ஆனால் அது சித்திரை. அப்போது என் கிணற்றில் வாளி தரை தட்டும். கார்த்திகையில் கிணற்றுக் கட்டில் இருந்தபடியே செம்பால் அள்ளலாம். சுண்ணக்கல்லின் மேல் குடியிருக்கும் எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிலம்பூசி:
காய்ந்திருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், நன்றி. ஆகவே ஈரம் காரணமல்ல. நிலத்தை வைரத்தட்டுக் கிறைண்டரால் தேய்த்தார்களா, அல்லது அசிட் ஊற்றிக் கழுவினார்களா? கொங்கிறீற்றின் மேலே படியும் பலவீனமான சீமெந்துப் பாலை அகற்றாவிட்டால், எப்பொக்சி பிடிப்பது கொங்கிறீற்றை அல்ல, அந்தத் தூளை. இன்னொன்றையும் சொல்கிறேன். இங்கே பலர் பைபர் படகு ஒட்டிப் பழகியவர்கள். படகுக்குப் பாவிக்கும் பொலியெஸ்ரர் றெசினில் வெயிலைப் பார்த்து, அதை இறுகவைக்கும் ஊக்கியைச் சற்றுக் கூட்டலாம், குறைக்கலாம். எப்பொக்சியின் கடினியோ றெசினோடு கணக்காகச் சேர்ந்தே இறுகுவது. கண்மட்டத்தில் ஊற்றினால் ஒரு காலத்திலும் சரியாக இறுகாது. எங்கள் வெக்கையில் கலந்த வாளியை அப்படியே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது வாளி புகைந்துகொண்டிருக்கும். உங்களுக்குப் பூசியவர் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பொலித்தீன் காய்ந்திருந்தது.

இரசாயனத் தங்கை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இருவரும் எப்பொக்சி என்று எதைச் சொல்கிறீர்கள்? அரை மில்லிமீற்றர்கூட வராத உருளைப் பூச்சா, தானே மட்டமாகப் பரவும் இரண்டு மூன்று மில்லிமீற்றர்த் தளமா? ஈரத்தின் முன் இரண்டும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை.

நிலம்பூசி:
தங்கச்சி, வகுப்பறைக் கேள்விகளைப் பிறகு பார்ப்போம். பொலித்தீன் காய்ந்திருந்ததா, இல்லையா?

ஐஸ்வாடி:
எங்கள் மீன் வெட்டும் கொட்டகையில் இந்தச் சண்டையே இல்லை, ஏனென்றால் நாங்கள் எப்பொக்சியின் பக்கமே போகவில்லை. பொலியுறேத்தேன் றெசினும் சீமெந்தும் கலந்த பொலியுறேத்தேன் சீமெந்து, ஒன்பது மில்லிமீற்றர். பகல் முழுவதும் ஐஸும் உப்புநீரும், மாலையில் கொதிநீர்க் கழுவல். சாதாரண எப்பொக்சி 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். சூட்டில் அது கொங்கிறீற்றைவிடக் கூடுதலாக விரிவதால் நாளடைவில் விளிம்புகள் எழும்பும். பொலியுறேத்தேன் சீமெந்தோ கொங்கிறீற்றோடு சேர்ந்தே விரிந்து சுருங்கும். கொங்கிறீற்றில் சற்று ஈரம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

நிலம்பூசி:
ஐஸ்வாடித் தம்பி, வெளிநாட்டுக் காசு உள்ளவர்கள் ஒன்பது மில்லிமீற்றரும் போடலாம், தொண்ணூறும் போடலாம். போத்தல் அடைக்கும் அறைக்குக் கொதிநீர் எதற்கு? எள்ளெண்ணெய் எப்பொக்சியை ஒன்றும் செய்யாது. மூட்டை தூக்கும் வண்டில் உருண்டாலும் நல்ல எப்பொக்சி தாங்கும். சமையல் அறைக்கும் மீன் கொட்டகைக்கும் உரியதை எல்லா இடத்திலும் போடச் சொல்வது வியாபாரம், அறிவுரை அல்ல.

ஐஸ்வாடி:
வெளிநாட்டுக் காசு என்ற சொல்லைத் திரும்பப் பெற வேண்டும். வங்கிக் கடன், இன்னும் கட்டுகிறேன். நிலத்தடித் தொட்டி ஒழுகுவதைப் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் எழுதினீர்கள். கடைசியில் எந்தத் தொட்டி ஒழுகியது என்று ஊருக்கே தெரியும்.

நிலம்பூசி:
அந்தத் தொட்டி நான் பூசியதல்ல என்று அப்போதே ஐந்து தடவை எழுதினேன். ஆறாவது தடவையும் எழுதுகிறேன்.

மாரிக்கிணறு:
தொட்டியை விடுங்கள். என் கட்டடம் என் தகப்பனார் 1974இல் போட்டது. அந்தக் காலத்தில் நிலக் கொங்கிறீற்றின் அடியில் ஈரம் ஏறாமல் பொலித்தீன் விரிக்கும் வழக்கம் எங்கள் மேசன்மாரிடம் இருக்கவில்லை. அண்ணை மேலே ஒட்டிய பொலித்தீனைப் பற்றியே பேசுகிறார், நான் கீழே விரிக்காத பொலித்தீனைப் பற்றிப் பேசுகிறேன். மாரியில் ஏறும் நீர் கொங்கிறீற்றின் காரத்தையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வந்து, எப்பொக்சியின் அடியில் வழியின்றி நின்று அழுத்துகிறது. அந்த வழுவழுப்புக் காரம்தான். கொப்புளத்தைக் கத்தியால் சீவிப் பார்த்தேன். பூச்சின் அடியில் கொங்கிறீற்று ஒரு தோல் போல ஒட்டிக்கொண்டே வந்தது. தூளைப் பிடித்த எப்பொக்சி இப்படியா கழரும்?

நிலம்பூசி:
தோலாக வந்தது என்றால் உங்கள் கொங்கிறீற்றே பலமில்லை என்று அர்த்தம். இழுத்துப் பார்க்கும்போது ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஒன்றரை நியூட்டனாவது தாங்காத நிலத்தில் எதைப் பூசினாலும் இதுதான் கதி. 1974ஆம் ஆண்டுக் கொங்கிறீற்றை வைத்துக்கொண்டு என்னிடம் நியாயம் கேட்கிறீர்கள். பொலித்தீன் காய்ந்திருந்தது.

இரசாயனத் தங்கை:
ஒரு நாள் பொலித்தீன் அந்த நாளின் மேற்பரப்பை மட்டுமே சொல்லும். கொங்கிறீற்றில் துளையிட்டு உள்ளே ஈரப்பதமானி வைத்துப் பார்க்கும் முறையும் இருக்கிறது. நான் கேட்ட தடிப்புக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நிலம்பூசி:
துளையிட்ட நிலத்தை யார் அடைப்பது? இருபத்திரண்டு வருடமாக நிலம் பூசுகிறேன். ஒருவருடைய நிலத்திலும் பூசுவதற்கு முன் ஓட்டை போட்டதில்லை.

மாரிக்கிணறு:
அப்படியானால் இந்தக் கார்த்திகையில் வாருங்கள், அண்ணை. கொப்புளிக்காத மூலை ஒன்று மிச்சம் இருக்கிறது. பூச்சைச் சுரண்டிவிட்டு, அதே பொலித்தீனை, அதே 16 மணித்தியாலம் ஒட்டுவோம்.

நிலம்பூசி:
வருகிறேன். பொலித்தீன் என்னுடையது. ஒட்டுநாடா நீங்கள் வாங்கி வையுங்கள், போன தடவை ஐஸ்வாடித் தம்பியிடம் கொடுத்தது இன்னும் திரும்பி வரவில்லை.

ஐஸ்வாடி:
அது பாதிச் சுருள்.