சாம்பிளர் போர்வை பின்னிப் பழகிற ஆக்களிட்டக் கண்ட பிழையள், திருத்தங்கள்: அனுபவப் பகிர்வு

நந்திக்கடல்

முள்ளியவளையில ஒரு தங்கச்சி பின்னின குறோசே போர்வை. பாயில பரப்பிக் கிடந்தது. நாலுக்கு அஞ்சு, 20 சதுரம், ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு தையல். டீகே நூல் (நடுத்தரத் தடிப்பு), 4 மி.மீ. கொக்கி ஊசி, சதுரம் 15 செ.மீ. எண்டு கணக்கு. நிறமும் வடிவு. ஏழாவது சதுரத்தில கண் போய் நிண்டிட்டுது. அடியில 15, தலையில 11. சுளகு மாதிரி ஒரு பக்கம் ஒடுங்கிப் போச்சு.

அது ட்ரெபிள் (ஊசியில ஒருக்கா நூல் சுத்திப் போடுற உயரத் தையல்) போட்ட சதுரம். ஊக்கால ஒவ்வொரு தையலாத் தொட்டு வரி வரியா எண்ணினா 25, 24, 24, 23... 14ஆவது வரியில 18. ஏழு தையலும் ஒரே இடத்தாலதான் போயிருக்கு, வரிக் கடைசியால.

ட்ரெபிளில திரும்பேக்க 3 சங்கிலி போடுறம் இல்லையே, அந்த மூண்டும் சேந்துதான் அடுத்த வரியின்ர முதல் தையல். திரும்பி வந்து வரி முடிக்கேக்க கடைசித் தையலை அந்த மூண்டாவது சங்கிலியின்ர தலையில குத்தோணும். அது மற்றத் தையல் மாதிரி நிமிந்து நிக்காது, சரிஞ்சு ஓரத்தோட ஒட்டிக் கிடக்கும். பழகிற கண்ணுக்கு அது தையலாத் தெரியாது. வரி முடிஞ்சுது எண்டு திரும்பிடுவினம். சிலருக்கு மறுவளமா நடக்கும்: 3 சங்கிலி போட்டிட்டு அதின்ர அடியில இருக்கிற தையலுக்குள்ளயும் ஒரு ட்ரெபிள் போடுவினம். அப்ப வரிக்கொண்டு கூடி சதுரம் மேல அகலும்.

மூண்டாவது சங்கிலி போட்ட உடனயே அதில ஒரு ஊக்குக் கொழுவி விடுங்கோ. திரும்பி வரேக்க ஊக்கு கிடக்கிற இடந்தான் கடைசித் தையல்.

கனகராயன்குளம்

நந்திக்கடல் அக்கா, ஊக்குச் சரி. ஆனா ஏழாவது சதுரம் வரைக்கும் எண்ணாமப் போனது எப்பிடி? அதை முதலாவதில பழக்கியிருக்கோணும். பிழை தையலில இல்லை, தொடக்கத்தில.

நெடுங்கேணியில ஒரு அம்மா பிடிச்ச முதல் சதுரத்தைச் சொல்லுறன். எண்ணிக்கை சரி, 25க்கு 25. ஆனா அடி இழுபட்டு, மேல விரிஞ்சு, விசிறி மாதிரி நிண்டுது. அடிச்சங்கிலியைத் தடவிப் பாத்தா கம்பி மாதிரி இறுக்கம், ஊசி முனை உள்ள போகுதில்லை. ஏனெண்டா, கொக்கிக்குக் கீழ இருக்கிற ஒடுங்கின கழுத்தில வச்சே கண்ணியை இறுக்கியிருக்கிறா. கண்ணி ஊசியின்ர முழுத் தண்டுக்கு ஏறோணும். 4 மி.மீ. எண்டு ஊசியில அடிச்சிருக்கிறது தண்டின்ர அளவு, கழுத்தின்ர அளவில்லை. அப்பிடியும் கை இறுகினா அடிச்சங்கிலிக்கு மட்டும் 5 மி.மீ. ஊசி எடுத்து, முதல் வரியில 4க்கு மாறுங்கோ.

இனிப் புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கு ஒழுங்கையும் சொல்லி விடுறன். முதல் ரெண்டு சதுரமும் டபிள் (நூல் சுத்தாமல் போடுற குட்டைத் தையல்) மட்டும். 26 சங்கிலி போட்டு, ஊசியில இருந்து ரெண்டாவதில குத்தினா 25 தையல். 15 செ.மீ. உயர ஏறத்தாழ 30 வரி வேணும். அலுக்கும்தான், ஆனா கை இறுக்கம் ஒரு சீருக்கு வாறது அங்கதான். தையலின்ர தலையை மேல இருந்து பாத்தா ஈரமண்ணில ஆட்டுக் குளம்புத் தடம் பதிஞ்ச மாதிரி ரெண்டு கால் தெரியும். அந்த ரெண்டுக்கும் கீழால ஊசி போகோணும். ஒண்டுக்குக் கீழ மட்டும் குத்தினா துணி மெலிஞ்சு வரிவரியா மடிப்பு விழும். மூண்டாவது சதுரத்தில அதையே வேணுமெண்டு செய்யுங்கோ, பின்கால் மட்டும். மாத்துப் பாயின்ர நெளி மாதிரி வடிவா வரும். பேந்து ஹாஃப் ட்ரெபிள், அதுக்குப் பிறகுதான் ட்ரெபிள். ட்ரெபிளுக்கு 27 சங்கிலி, நாலாவதில குத்து.

25 எண்ட எண்ணை விடாதேங்கோ. பாசித்தையலுக்கு ஒற்றை எண் வேணும், 25 சரி. சிப்பித்தையலுக்கு ஆறின் மடங்கும் மேல ஒண்டும், 25 அதுக்கும் சரி. ஒரே எண் மனப்பாடமாயிடும். குமிழும் வேஃபிளும் (குழிக்கட்டமா வாற தையல்) கடைசி வரிசைக்கு. ரெண்டும் நூலைத் தின்னும், வேஃபிள் உள்ளுக்கும் இழுக்கும். குமிழ் பின்பக்க வரியில போடுறது, கடைசி இழுவை விட்ட அஞ்சு ட்ரெபிளை ஒண்டாச் சேத்து முடிச்சு முன்பக்கம் விரலால தள்ளி விடோணும்.

பாலைப்பழம்

மேல ரெண்டு பேரும் டபிள், ட்ரெபிள் எண்டு எழுதிப்போட்டுப் போறியள், எந்த நாட்டுக் கணக்கு எண்டு சொல்லேல்லை. அது பிரித்தானியக் கணக்கு. இதாலதான் பிள்ளையள் கெடுகுதுகள்.

பரந்தனில ஒரு பிள்ளையின்ர மடியில கிடந்த சதுரம்: 25 தையல், 14 வரி, உயரம் 7 செ.மீ. பாதிச் சதுரம்! பிள்ளை நூலைப் பழி சொல்லுது. பக்கத்தில கிடந்த குறிப்பைப் பாத்தா யூடியூபில இருந்து எழுதினது, அமெரிக்க வழக்கு, ‘டபிள்’ 14 வரி எண்டு. பிள்ளைக்குத் தையல் பழக்கினது அம்மம்மா. அவ படிச்சது பிரித்தானியப் புத்தகத்தில. அவவின்ர டபிள், அமெரிக்கருக்குச் சிங்கிள். அவவின்ர ட்ரெபிள், அமெரிக்கருக்கு டபிள். ரெண்டு பேரும் பிழை சொல்லேல்லை, சொல்லுத்தான் ஒண்டு.

கண்டுபிடிக்கிற வழி லேசு. குறிப்பில எங்கயாவது ‘சிங்கிள் குறோசே’ எண்டு வந்தா அது அமெரிக்கக் குறிப்பு, பிரித்தானிய வழக்கில அப்பிடி ஒரு தையலே இல்லை. சொல் அகப்படாட்டி நூல் சுத்திறதை எண்ணுங்கோ. குத்த முதல் ஊசியில நூல் சுத்தாட்டி அது குட்டைத் தையல், எங்கட டபிள். ஒருக்காச் சுத்தி, கண்ணிகளை ரெண்டு ரெண்டா இரண்டு தரம் இழுத்தா ட்ரெபிள். ஒருக்காச் சுத்தி மூண்டையும் ஒரே இழுவையில எடுத்தா ஹாஃப் ட்ரெபிள். படக்குறியீட்டுக் குறிப்பு கிடைச்சா இந்தச் சண்டையே இல்லை.

வீரைமரம்

நூலைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. மாங்குளத்தில பாத்த சதுரம் ஒண்டு: அக்ரிலிக் நூல், சிப்பித்தையல், மடிப்பு எடுக்க எண்டு மேல இஸ்திரிக்கையை வச்சு அழுத்திப் போட்டினம். எடுத்துப் பாத்தா சிப்பியெல்லாம் படுத்து, துணி பொலித்தீன் மாதிரி மினுங்குது. கையில எடுத்தா தொங்குது. அது திரும்பி எழும்பாது. அக்ரிலிக்குக்கு ஆவி மட்டும் காட்டலாம், 2 அல்லது 3 செ.மீ. உயரத்தில பிடிச்சு, துணியில முட்டாமல். ரெஜிபோமில 15 செ.மீ. சதுரம் கீறி, நாலு மூலையும் ஓரமும் பின் குத்தி, ஆவி காட்டி ஆற விடுங்கோ. கறள் பிடிக்காத பின்னாப் பாத்து வாங்குங்கோ, ஈரத்தில கறள் இறங்கினா அந்தக் கறை போகாது.

அதோட எங்கட வெக்கைக்கு, சோளகம் வீசிற மாசங்களில, கை வேர்த்து அக்ரிலிக் ஊசியில ஒட்டும், கிறீச்செண்டும். அப்ப ஆக்கள் தங்களை அறியாமல் இறுக்குவினம். காலமையில பின்னின சதுரமும் மத்தியானம் பின்னின சதுரமும் அரைச் செ.மீ. வித்தியாசம் வரும். பருத்தி நூலுக்குப் போங்கோ. கடையளில மேசை விரிப்புக்கு விக்கிற மெல்லிய பருத்தி நூலை வாங்கிறாதேங்கோ, அதுக்கு 1.25, 1.5 மி.மீ. இரும்பு ஊசி வேணும். புதுக் கை கண் நொந்து விட்டிடும்.

மயில்தோகை

வீரைமரம் அண்ணை, பருத்தியைச் சும்மா தூக்கிப் பிடிக்காதேங்கோ. பருத்தி நூலில இழுவை இல்லை. பிழையாக் குத்தினா இழை பிரிஞ்சு ரெண்டாகும், பிரிச்சுப் பின்னினா அடையாளம் தெரியும். கம்பளியோ அக்ரிலிக்கோ கைக்கு விட்டுக்குடுக்கும். தோய்ச்ச பருத்திப் போர்வையைக் கொடியில போட்டா தண்ணிப் பாரத்தில ஒரு பக்கம் நீளும், பாயில நிழலில பரப்பித்தான் காய விடோணும்.

புதுக்குடியிருப்பில கண்டது வேற. வெள்ளையும் சிவப்புமா கிரானி சதுரம் (நடுவில இருந்து சுத்திச் சுத்திப் பின்னுறது). முதல் தோய்ச்சலில வெள்ளை மூலையெல்லாம் ரோஸ். பின்னல் ஒரு குற்றமும் இல்லை, ஒவ்வொரு மூலையிலும் மூண்டு ட்ரெபிள், 2 சங்கிலி, மூண்டு ட்ரெபிள், அச்சுப்போல. சிவப்பு, கடுநீலம், கறுப்பு எது எடுத்தாலும் ஒரு முழ நூலை இளஞ்சூட்டுத் தண்ணியில நனைச்சு, வெள்ளைத் துணியில சுத்தி இறுக்கிப் பிழிஞ்சு பாருங்கோ. சாயம் ஒட்டினா அந்த நூல் போர்வைக்கு வேண்டாம். ஒரே நிறம் கனக்க வேணுமெண்டா லேபிளில சாயத் தொகுதி எண்ணும் ஒண்டா இருக்கோணும். பேந்து வாங்கினா நிறம் கொஞ்சம் மாறிக் கிடக்கும், வெயிலில விரிக்கேக்க தெரியும்.

நந்திக்கடல்

கனகராயன்குளம் சொன்ன 25 நல்ல கணக்கு. பொருத்திறதுக்கும் அதுதான் வேணும். தங்கச்சி ஓரவரி போடாமலே சதுரங்களைத் தைக்க வெளிக்கிட்டவ, அதால 14 வரிச் சதுரமும் 30 வரிச் சதுரமும் பக்கத்தில பக்கத்தில வந்து நெளிஞ்சுது. சுத்திவர ஒரு வரி டபிள் போடுங்கோ, பக்கத்துக்கு 25, மூலையில 2 சங்கிலி. அடியும் தலையும் தையலுக்கொண்டு. வரி முடியிற பக்கங்களில 30 வரிச் சதுரமெண்டா ஒவ்வொரு ஆறாவது வரியையும் விட்டுப் போடுங்கோ, 25 வரும். 14 வரி ட்ரெபிளெண்டா 11 வரிக்கு ரெண்டு ரெண்டு, மூண்டு வரிக்கு ஒண்டு ஒண்டு, அந்த மூண்டையும் ஒரு இடத்தில குவிக்காமல் பரவலா விடுங்கோ. பிறகு தையலுக்குத் தையல் நேராப் பொருந்தும்.

நூல் எவ்வளவு எண்டு கேக்கிற ஆக்கள் முதல் டபிள் சதுரத்தைச் சமையல் தராசில நிறுத்து 20ஆல பெருக்குங்கோ. குமிழ், வேஃபிளுக்கும் ஓரத்துக்கும் அதில காற்பங்கு கூட வையுங்கோ.

மல்லாவி

முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை. துணுக்காயில் ஒரு போர்வை இரண்டாவது தோய்ச்சலுக்குப் பிறகு திரும்பி வந்தது. நடுச் சதுரத்தில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை. நூல் அறவில்லை. நிறம் மாற்றிய இடத்தில் முடிச்சுப் போட்டு, நுனியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். முடிச்சு நழுவி, கண்ணி கண்ணியாக இறங்கிவிட்டது.

நிறம் மாற்றும்போது பழைய நிறத்தின் கடைசித் தையலை முழுதாக முடிக்க வேண்டாம். கடைசி இழுவையைப் புது நிறத்தால் இழுங்கள், எல்லை சுத்தமாக விழும். இரண்டு நுனியிலும் 15 செ.மீ. விடுங்கள். மொட்டை முனை ஊசியில் கோத்து, பின்பக்கம் ஒரு திசையில் 4 செ.மீ. ஓட்டி, ஓர் இழையைத் தாண்டித் திரும்பி வந்து, மூன்றாவது தரம் குறுக்கே ஓட்டுங்கள். திசை மாறாமல் ஓட்டினால் துணி இழுபடும்போது நுனி உருவிக்கொண்டு வரும். ஒற்றை நிறத்தில் பின்னினாலும் 20 சதுரத்துக்கு 40 நுனி. ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் அதன் நுனிகளை ஓட்டிவிடுங்கள். நூற்பந்தைப் பனையோலைப் பெட்டிக்குள் வைப்பவர்கள் பெட்டிக்குள் ஒரு துணி விரியுங்கள், ஓலைச் சிலும்பு இழையைக் கிளப்பும்.

நந்திக்கடல்

தங்கச்சி ஏழாவது சதுரத்தைப் பிரிக்கத் தொடங்கி மூண்டாவது வரியோட நிப்பாட்டியிருக்கிறா. இன்னும் பிரிக்கோணும். முதல் 24 ரெண்டாவது வரியில விழுந்தது. முதல் வரி மட்டும் நிக்கட்டும், அங்க இருந்து 3 சங்கிலியும் ஊக்கும்.