அம்மாவுக்கு விக்டோரியா அருவி சரிப்படுமா?

கடலூர் முதுநகர்:
சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கு. அம்மாவுக்கு 67 வயசு. கெடிலத்துல தண்ணி வந்தாலே பாலத்துல நின்னு பார்த்துட்டுதான் நகருவாங்க. ஏப்ரல்ல ஆப்பிரிக்காவுல இருக்கிற விக்டோரியா அருவிக்குக் கூட்டிட்டுப் போகலாமா? முழங்கால் வலி இருக்கு.

நெல்லித்தோப்பு:
தாராளமா போங்க தம்பி. ஆனா ஏப்ரல்ல ஜாம்பேசி ஆறு நிரம்பி ஓடும். 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம், அத்தனை தண்ணியும் ஒரு குறுகலான பிளவுக்குள்ள விழும். எதிர்விளிம்புல நின்னுதான் பார்க்கணும். சாரல் மேலெழும்பி நம்ம தலையில அடைமழையா கொட்டும். நான் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க அருவி மறைஞ்சுகிட்டே இருந்துச்சு. அந்த ஊர் ஜனங்க அதை ‘மோசி-ஓவா-துன்யா’ன்னு சொல்றாங்க, இடியா முழங்கும் புகைன்னு அர்த்தம். அம்மா கண்ணால பார்க்கணும்னா ஜூலை நல்லது. அருவி ஜிம்பாப்வே, ஜாம்பியா ரெண்டு நாட்டு எல்லையில இருக்கு; ஜிம்பாப்வே பக்கம் பாதை பெரும்பாலும் சமதளம். அக்டோபர் வேணாம், ஜாம்பியா பக்கம் வெறும் பாறைதான் தெரியும்.

வில்லியனூர்:
அதுவரைக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை விழுப்புரம் மாவட்டத்துல இருக்கிற திருவக்கரைக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரங்க, கல்லா மாறிக் கிடக்கு. தடவிப் பார்த்தா கல்லு, கண்ணுக்கு மரத்தோட ரேகை.

கடலூர் முதுநகர்:
ஜூலைக்கே மாத்திட்டேன் சார். அம்மா இப்பவே குடை எடுத்து வெச்சுட்டாங்க.