மறு: 'ஆங்கர்' – நங்கூரம் வேண்டாம், 'பற்றிடம்' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

உரைக்குறிப்பு பாட்டில் ஒட்டி நிற்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'ஆங்கர்' என்கிறார்கள்; அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நம் விக்கியில் பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'நங்கூரம்' என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது. அதற்குள் என் தரப்பைச் சொல்லிவிடலாம் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எனக்கு நேர்ந்தது. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 'வீடுமின் முற்றவும்' பதிகத்தை (1.2) நம் விக்கியில் சீர் பிரித்த வடிவில் ஏற்றியிருந்தோம். முதல் பாட்டின் மூன்றாம் அடி 'வீடுடை யானிடை' என்று நிற்கும். ஓசைக்கு அது சரி. ஆனால் 'உடையான்' என்ற சொல் நடுவில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது, தேடினால் அகப்படாது. புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று பாட்டு முழுவதையும் பதம் பிரித்து, 'வீடு உடையானிடை' என்று சேமித்தேன். மறுநாள் பார்த்தால் நான்காம் அடியின் 'வீடு' மேல் இருந்த உரைக்குறிப்பு மூன்றாம் அடியின் கடைசி எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பாட்டின் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது எழுத்து என்று எண்ணித்தான் நம் விக்கியின் வார்ப்புரு (டெம்ப்ளேட்) குறிப்பைக் கட்டுகிறது. நான் நாலைந்து இடைவெளி சேர்த்ததும் எண்ணிக்கை தள்ளிப்போய்விட்டது.

அந்தப் பாட்டில் 'வீடு' நான்கு முறை வருகிறது. முதல் இரண்டும் விடுதல், மூன்றாவது வீடுபேறு. நான்காவதை எப்படிப் பொருள்கொள்வது என்பதற்கே தனிக் குறிப்பு வேண்டும். அப்படிப்பட்ட பாட்டில் ஒரு குறிப்பு தவறான 'வீடு' மேல் போய் உட்கார்ந்தால், படிப்பவருக்குத் தவறான பொருளைக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். அதனால்தான் இந்தக் கருத்துக்கு வைக்கும் பெயரில் இவ்வளவு கவலைப்படுகிறேன். குறிப்பு எந்தச் சொல்லின் மேல் நிற்கிறதோ அந்த இடத்துக்கு நல்ல பெயர் இருந்தால், புதிய தொகுப்பாளர் அதைத் தொடுவதற்கு முன் ஒரு நொடி யோசிப்பார்.

'நங்கூரம்' ஏன் வேண்டாம் என்கிறேன்? அது கடலையும் கப்பலையும்தான் நினைவுக்குக் கொண்டுவருகிறது. பாசுர உரை எழுத வந்த ஒருவருக்கு 'நங்கூரம் இடுக' என்ற பொத்தான் எதையும் சொல்லாது. 'சுட்டி' ஏற்கெனவே இணைய முகவரிக்கும் கணினி எலிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வேலையும் அதன் தலையில் வைக்க வேண்டாம்.

> பிரதீகம் என்றே வைத்துக்கொள்ளலாம். உரையாசிரியர்கள் சொன்ன சொல்தானே?

இந்த இழையில் ஐயா ஒருவர் எழுதிய இந்த வரி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. பிரதீகம் என்றால், உரை சொல்வதற்காக மூலத்திலிருந்து எடுத்து முன்னே வைக்கும் சொல். அவர் சொல்வது உண்மை. நம்பிள்ளை சொல்லச் சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய திருவாய்மொழி உரையான ஈட்டைத் திறந்து பாருங்கள். பாட்டிலிருந்து ஒரு சொல்லையோ தொடரையோ எடுத்து முன்னே வைத்து, அதன்பின் உரை நடக்கிறது. அதற்கு முப்பத்தாறாயிரப்படி என்றும் பெயர்; படிக்கு 32 எழுத்தாகப் பார்த்தால், 11,52,000 எழுத்து. அவ்வளவு பெரிய உரையை 1102 பாசுரங்களோடு சேர்த்துக் கட்டியது இந்த எடுத்துவைத்த சொற்கள்தான். ஓலையில் அடிக்குறிப்பு எண் கிடையாது. வேறு ஏட்டில் எழுத்து கொஞ்சம் மாறியிருந்தாலும், வரி வேறு இடத்தில் முறிந்திருந்தாலும், சொல்லைப் பார்த்து இடத்தைக் கண்டுகொள்ளலாம். யூதர்களின் சமய நூலான தால்முத்துக்கு ராஷி என்ற உரையாசிரியர் எழுதிய உரையிலும் இதே முறைதான். 'தொடங்கும் சொல்' என்று பொருள்படும் பெயரை யூத மரபு அதற்கு வைத்திருக்கிறது. கிரேக்க உரைகளில் அது 'லெம்மா', 'எடு' என்ற வினையிலிருந்து வந்த சொல்.

ஆனால் பிரதீகம் என்பது எடுத்துவைத்த சொல். நமக்கு வேண்டியது இரண்டு பெயர். பாட்டுக்குள் குறிப்பு நிற்கும் இடம் ஒன்று, அந்த இடத்தை அடையாளம் காட்ட நாம் திரும்ப எழுதும் சொல் இன்னொன்று. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017இல் வெளியிட்ட இணையக் குறிப்புத் தரமும் இவற்றைப் பிரித்தே பேசுகிறது: எழுத்து எண்ணிக்கையால் இடத்தைக் காட்டுவது ஒரு வழி, சொல்லையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில எழுத்துகளையும் மேற்கோளாகத் தந்து காட்டுவது இன்னொரு வழி. என் பாட்டில் உடைந்தது முதல் வழி. ஈட்டில் பார்ப்பது இரண்டாவது வழி.

ஆகவே என் பரிந்துரை: இடத்துக்குப் பற்றிடம், எடுத்துவைக்கும் சொல்லுக்குப் பற்றுச்சொல்.

'எடுப்பு' என்று வந்த பரிந்துரையும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இசையில் பல்லவிக்கு அந்தப் பெயர் இருக்கிறது; தேவாரமும் நம் விக்கியில் ஏறப்போகிறது, அங்கே குழப்பம் வரும். 'பற்று' என்று வைத்தால் மற்ற சொற்கள் தாமாகவே கிளைக்கின்றன. குறிப்பு பற்றுகிறது. பாட்டைத் திருத்தியதும் இடம் தொலைத்த குறிப்பு 'பற்றறுந்த குறிப்பு'. அதைச் சரிசெய்வது 'மறுபற்று'. பராமரிப்புப் பட்டியலுக்குப் 'பற்றறுந்த குறிப்புகள்' என்று பகுப்பு வைத்தால் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

வங்கியில் பற்று வரவு இருக்கிறதே என்றால், கணக்கும் பாசுரமும் ஒரே பக்கத்தில் வரப்போவதில்லை. இன்னொரு மறுப்பு எனக்கே கனமாகப் பட்டது: பற்றை விடச் சொல்லும் நூல்களுக்கு உரை எழுதும் இடத்தில் இந்தச் சொல் பொருந்துமா? விடை அதே பதிகத்தில் இருக்கிறது. ஐந்தாம் பாட்டு 'அற்றது பற்றெனில் உற்றது வீடுயிர்' என்று தொடங்கி, 'இறை பற்றே' என்று முடிகிறது. விட வேண்டியதற்கும் பிடிக்க வேண்டியதற்கும் ஆழ்வார் ஒரே சொல்லைத்தான் வைத்தார். அந்தாதி என்பதால் ஆறாம் பாட்டும் 'பற்றிலன்' என்றே தொடங்குகிறது. பற்றுச்சொல்லோடு முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளை ஏன் சேர்த்துத் தர வேண்டும் என்பதற்கும் இந்த இடமே சான்று: வெறும் 'பற்று' என்று தந்தால் கணினி எந்தப் பற்றைப் பிடிக்கும்?

வார்ப்புருவை எழுதுகிறவர்களுக்கு ஒன்று. 'கொ' என்ற எழுத்தில் ககரத்தோடு சேரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் இடலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் இடலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஒப்பிடும்போது கணினிக்கு இரண்டும் வேறு. பற்றுச்சொல்லை ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவாக்கிக்கொள்ளுங்கள். சீர் பிரித்ததும் பதம் பிரித்ததும் ஒன்றாகத் தெரிய, இடைவெளியையும் நீக்கிவிட்டு ஒப்பிடுவது நல்லது. 'வீடு உயிர்' என்பது 'வீடுயிர்' ஆவது போன்ற புணர்ச்சிகளுக்கு அதுவும் போதாது. பதம் பிரித்த வடிவை மூலமாக வைத்து, பற்றிடங்களை அதில் மட்டும் கட்டி, சீர் பிரித்த வடிவைக் காட்சிக்கு மட்டும் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

பற்றறுந்த குறிப்புகளை 1.2 பதிகத்தில் நானே கையால் சரிசெய்து வருகிறேன். முதல் நான்கு பாட்டு முடிந்தது. மறுப்பு இருந்தால் ஐந்தாம் பாட்டைத் தொடுவதற்குள் எழுதுங்கள். ஐயாவின் கருத்தை முக்கியமாக எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.